பலவீனமான கைக்கு வேலை கொடுங்கள்



பக்கவாதத்தில் இறந்துபோன மூளைச் செல்கள் மறுபடியும் உயிர்பெறுவதில்லை. ஆனால் அருகிலுள்ள நல்ல செல்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, அவற்றின் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். கையைப் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் இந்த இணைப்புகள் பலப்படும்.

அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், விரல்களைச் சற்றேனும் அசைக்க முடிந்த 222 பேர் பங்குபெற்றனர். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, பலவீனமான கையையே இரண்டு வாரம் பழக்கினார்கள். அவர்களுடைய கை மற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது; ஒரு வருடம் கழித்தும் அப்பலன் நிலைத்திருந்தது.

உங்கள் வீட்டில் பக்கவாதம் கண்டவர் உண்டா? அன்பினால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் விதமாக, டம்ளரைப் பிடிக்கவும் பொத்தான் போடவும் அந்தக் கைக்கு நேரம் கொடுங்கள்.