12.50 பவுண்டுக்கு அவ்வளவு கோபம், 3,500 பவுண்டுக்கு ஏன் இல்லை? பிரிட்டன் மக்களின் பணக் கணக்கு

முதல்ல ரெண்டு தொகையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

ஒண்ணு, லண்டனில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர் கட்டும் புகைக் கட்டணம். அங்கே இதை 'யூலெஸ்' என்கிறார்கள். ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட், நம்ம காசுக்குச் சுமார் 1,400 ரூபாய். வாரத்துக்கு 5 நாள், வருஷத்துக்கு 48 வாரம் காரில் வேலைக்குப் போனால் 3,000 பவுண்ட் ஆகிறது.

இன்னொண்ணு, மூன்றாவது குழந்தைக்குக் கிடைக்காமல் போன உதவித்தொகை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு பிரிட்டன் அரசு மாதாமாதம் தருவது யுனிவர்சல் கிரெடிட். அதில் ஒரு குழந்தைக்கான பங்கு 2025-26-ல் மாதம் 292.81 பவுண்ட். ஆனால் 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு இது கிடையாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 3,500 பவுண்ட் இழப்பு.

கிட்டத்தட்ட ஒரே அளவுத் தொகை. ரெண்டுமே சாதாரணக் குடும்பத்தின் பட்ஜெட்டில் ஓட்டை போடுபவை. ஆனால் மக்கள் கருத்து நேர் எதிர். முதலாவதை எதிர்த்து கேமராவை வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டாவதைத் தொடர வேண்டும் என்று, கேட்ட போதெல்லாம் சுமார் 60 சதவீதம் பேர் யூகவ் கருத்துக்கணிப்புகளில் சொல்லி வந்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? கார் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

யூலெஸ் 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் மட்டும் வந்தது. 2021-ல் பரப்பு பெரிதானது. 2023 ஆகஸ்ட் 29-ல் மேயர் சாதிக் கான் அதை லண்டன் முழுக்க விரித்தார். பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தில் இருக்க வேண்டும், டீசல் கார் யூரோ 6. (நம்ம ஊர் பிஎஸ் 4, பிஎஸ் 6 எல்லாம் இதைப் பார்த்துப் போட்டதுதான்.) அதாவது 2006-ல் வாங்கிய பெட்ரோல் கார் பெரும்பாலும் தப்பித்துவிடும், 2014-ல் வாங்கிய டீசல் கார் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கட்ட மறந்தால் அபராதம் 180 பவுண்ட். 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

டீசல்காரர்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கு. 2001-ல் பிரிட்டன் அரசு கார் வரியை கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்து மாற்றியமைத்தது. அந்தக் கணக்கில் டீசல் கார்களுக்கு வரி குறைவு. "டீசல் நல்லது" என்று நம்பி லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். பிறகுதான் நைட்ரஜன் ஆக்சைடு பிரச்சினை பெரிதாகி, அதே காருக்கு தினசரி 12.50 பவுண்ட் என்றார்கள். வரிச் சலுகையை நம்பி எடுத்த முடிவு பத்துப் பதினைந்து வருஷத்தில் தலைகீழானால் யாருக்குத்தான் எரியாது?

ஹாரோ, ஹில்லிங்டன், பெக்ஸ்லி, பிராம்லி ஆகிய நான்கு வெளி லண்டன் கவுன்சில்களும் பக்கத்திலுள்ள சர்ரே கவுன்டியும் நீதிமன்றம் போய்த் தோற்றன. ஹாரோ நம்ம ஆட்கள், குறிப்பாக ஈழத்தமிழர்கள், நிறைய வாழும் பகுதி. அங்கெல்லாம் மத்திய லண்டன் மாதிரி மூணு நிமிஷத்துக்கு ஒரு ரயில் எல்லாத் திசைக்கும் கிடையாது. 2023 ஜூலையில், போரிஸ் ஜான்சன் விட்டுப்போன அக்ஸ்பிரிட்ஜ் தொகுதி இடைத்தேர்தலில் லேபர் கட்சி 495 ஓட்டில் தோற்றது. யூலெஸ்தான் காரணம் என்று லேபர் தலைவர்களே சொன்னார்கள்.

இத்தனைக்கும் வெளி லண்டனில் ஓடும் கார்களில் பத்தில் ஒன்பது கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்றுதான் லண்டன் போக்குவரத்துத் துறை சொல்லியது. பழைய வண்டியைக் கழித்துப்போட 2,000 பவுண்ட் உதவியும் இருந்தது. அதை முதலில் அரசு உதவி பெறுபவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வைத்து, எதிர்ப்பு முற்றிய பிறகே எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறந்தார்கள். சர்ரேயிலோ கென்ட்டிலோ இருந்து லண்டன் ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்டுக்கு வரும் நர்ஸுக்கு? கட்டணம் உண்டு, உதவி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு இருப்பதுதான் அவர் செய்த குற்றம்.

அடுத்த வருஷமே காட்சி மாறியது. யூலெஸ் விரிவாக்கத்தை முதல் நாளே ரத்து செய்வேன் என்று சொல்லி நின்ற சூசன் ஹாலை, 2024 மேயில் சாதிக் கான் சுமார் 2.75 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். கட்டணம் நமக்கு வருமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. நிஜமாகவே பில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இப்போ குழந்தைக் கணக்கு. இங்கே "நமக்கு வருமோ" என்ற பயமே பெரும்பாலானோருக்கு வரவில்லை. "நான் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி ரெண்டோடு நிறுத்திக்கிட்டேன், அவங்களும் அப்படித்தானே இருக்கணும்" என்பதுதான் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கு. ஆனால் இந்த விதியில் மாட்டிய குடும்பங்களில் பத்தில் சுமார் ஆறில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறார். அதோடு, மூணு குழந்தை பிறந்த பிறகுதான் பலருக்கு வேலை போகிறது, விவாகரத்து ஆகிறது, துணை இறக்கிறார். குழந்தை பெறும்போது யுனிவர்சல் கிரெடிட் தேவைப்படும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பார்வையில், பெரும்பான்மைக் கருத்து இங்கே தப்பு.

2024 ஜூலையில் இந்த வரம்பை நீக்கக் கோரி ஓட்டுப்போட்ட 7 எம்.பி.க்களை லேபர் கட்சியே சஸ்பெண்ட் செய்தது. அதே கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2025 நவம்பர் பட்ஜெட்டில் 2026 ஏப்ரல் முதல் வரம்பு கிடையாது என்று அறிவித்தார். சுமார் 4.5 லட்சம் குழந்தைகள் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்பது அரசின் மதிப்பீடு.

நல்ல சம்பளக்காரர்களுக்கும் இப்படி ஒரு கோடு இருக்கு. சைல்ட் பெனிஃபிட் என்ற குழந்தைப்படி, ரெண்டு குழந்தைக்கு 2025-26-ல் வாரம் 43.30 பவுண்ட், வருஷத்துக்கு 2,250 சொச்சம். கணவன், மனைவி ரெண்டு பேரும் தலா 60,000 பவுண்ட் சம்பாதித்தால் முழுசாகக் கிடைக்கும். ஒருவர் மட்டும் 80,000 சம்பாதித்து இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால், அத்தனையையும் வரியாகத் திருப்பிக் கட்டணும். 1,20,000 வருமானத்துக்கு உண்டு, 80,000-க்கு இல்லை!

இதைவிடக் கொடுமை ஒரு லட்சம் பவுண்ட் கோடு. பெற்றோரில் ஒருவர் வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டிய உடனே, இங்கிலாந்தில் வாரம் 30 மணி நேர இலவசக் குழந்தைக் காப்பகம் மொத்தமாகப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே அடியில். அதனால் சம்பள உயர்வு வந்தால் அந்தப் பணத்தை அப்படியே பென்ஷனில் போட்டு, கணக்கில் வருமானத்தை ஒரு லட்சத்துக்குக் கீழே வைக்கிறார்கள். சட்டப்படி சரியான வழிதான். இவர்களின் குமுறலுக்கு வெளியே அனுதாபம் கிடைப்பதில்லை. "ஒரு லட்சம் வாங்குறவனுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

லண்டன் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் போகும் குடும்பத்துக்கு மேலே சொன்ன யுனிவர்சல் கிரெடிட்டும் கிடையாது, சைல்ட் பெனிஃபிட்டும் கிடையாது. யூலெஸ் மட்டும் விசா பார்க்காமல் வரும், அதனால் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் முன் நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்க. சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு வருஷம் 1,035, குழந்தைக்கு 776 பவுண்ட். நாலு பேர் குடும்பத்துக்கு 3,622 பவுண்ட், அதுவும் விசா காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்டணும் (நர்ஸ் போன்ற ஹெல்த் அண்ட் கேர் விசாவினருக்கு மட்டும் விலக்கு). ஆனால் ஒன்று, இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், விசாவில் போய் அங்கே குடியிருப்பவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து அடுத்த பொதுத்தேர்தலில் ஓட்டுப்போடலாம்.