பழைய வள்ளத்துக்குப் புதுப் பொலிவு

விடுமுறை நாளில் குடும்பத்தோடு விழிஞ்ஞம் சென்று கடல் காண்பது திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் பலருக்கும் வழக்கம். அங்கே கலங்கரை விளக்கத்தைக் காண்கிறோம். 2025-ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பெற்ற பெருந்துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை வியந்து நோக்குகிறோம். ஆனால் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பழைய ஃபைபர் வள்ளங்களின் அருகே நாம் நிற்பதில்லை. ஒரு காலத்தில் நீலமும் சிவப்புமாக மின்னிய அவற்றின் உடல் வெளுத்துப் போயிருக்கும். தடவினால் சுண்ணாம்பு போன்ற வெண்பொடி விரலில் ஒட்டும். ‘இதன் ஆயுள் முடிந்தது’ என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பெரும்பாலும் தவறு. வெளுப்பு வேறு, அழிவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே ஒரு மீனவக் குடும்பத்தின் முதலைக் காக்கிறது.

கட்டுமரத்தின் வழித்தோன்றல்

இக்கரையின் பழைய கலம் கட்டுமரம். அந்தத் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் ‘காட்டமரான்’ ஆகி உலகெங்கும் பரவியது. அதற்குரிய மென்மரம் கிடைப்பது அரிதானபோது, 1980-களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்தன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றைக் கட்டித் தருவதில் முன்னின்றது. பலகையின்மேல் கண்ணாடி நாரும் ரெசினும் போர்த்தும் வழக்கம் வந்தது. பின்னர் முழுதும் கண்ணாடி நாராலாகிய வள்ளங்கள் பெருகின.

2018 ஆகஸ்டு வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று இக்கரை மீனவர்கள் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் விரைந்தார்கள். நீரில் மூழ்கிய மதில்களிலும் வாயிற்கம்பங்களிலும் உராய்ந்தபடியே அவ்வள்ளங்கள் வீடு வீடாகச் சென்று மக்களை மீட்டன. உயிர் காத்ததனால் வந்த தழும்புகள் அவை. ஆயினும் ஆறாத தழும்போடு வள்ளம் கடலிறங்குவது நன்றன்று. அதன் காரணத்தைக் காண்போம்.

தோலின் கனம்

கண்ணாடி நார்ப் பாயைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து, அச்சினுள் அடுக்கடுக்காக ஒட்டி ஆக்குவதே வள்ளத்தின் உடல். அந்த அடுக்குகளுக்கெல்லாம் முன்பாக அச்சில் பூசப்பெறுவது ‘ஜெல்கோட்’ என்னும் வண்ணப் பூச்சு. அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைத்துப் பொடியாக்குகிறது. கரையில் இழுக்குந்தோறும் மணல் அடிப்புறத்தைத் தேய்க்கிறது. இத்தோல் கிழிந்தால் கடல்நீர் நாருக்குள் ஊறும், வள்ளம் கனக்கும், அடுக்குகள் விட்டுப்போகும். ஆகவே பளபளப்பு என்பது அழகுக்காக மட்டும் அன்று.

மெருகேற்றும் முறை

முதலில் நன்னீராலும் சோப்பாலும் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். பின்பு மறைவான ஓரிடத்தில் ஒரு சாண் அளவு சோதித்தல் வேண்டும். ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்துத் தேய்த்ததும் வண்ணம் மீண்டால் அதுவே போதும். உப்புத்தாளைத் தொடவே வேண்டா. மீளாவிடில், 800-ஆம் எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து இலேசாகத் தேய்த்து, 1000, 1200 என்று நயமான தாளுக்குப் போக வேண்டும். அதன்பின் காம்பவுண்டு, முடிவில் மெழுகு. மெழுகு பூசாமல் விட்டால் வெளுப்பு விரைவில் திரும்பும்.

இங்கே பலர் செய்யும் பிழை, ஆர்வத்தால் மிகுதியாகத் தேய்த்துவிடுவது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு பங்கு போய்விடுகிறது. வண்ணத்தினூடே நாரின் இழை தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்துக. அங்கே மெருகுக்கு வேலை இல்லை. புதிய ஜெல்கோட் பூச வேண்டும். அல்லது எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் பாலியூரிதேன் பெயிண்டும் அடிக்க வேண்டும். சாதாரண ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பு மாறாது என்பதால், கடைசிப் பூச்சில் அதற்குரிய மெழுகுக் கரைசலைக் கலப்பார்கள்.

நார் வரை ஆழ்ந்த கீறலை மேலே பட்டி வைத்து மறைப்பது ஏமாற்று வேலை. சுற்றிலும் சரிவாக அரைத்தெடுத்து, புதிய நார்ப் பாயும் ரெசினும் இட்டு நிரப்பிய பிறகே பூச்சு. கொப்புளம் கண்டால் அதைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் உலர விட வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய பூச்சு நிலைக்காது.

கைகளுக்கும் காப்பு வேண்டும்

வள்ளத்தின் தோலைக் காப்பவர் தம் உடலையும் காத்தல் வேண்டும். நாரை அரைக்கும் தூசு மூச்சுக்குழலை அரிக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது, தூசுதடுக்கும் முகமூடியே வேண்டும். ரெசினை இறுகச் செய்யும் பெராக்ஸைடு திரவம் ஒரு துளி தெறித்தாலும் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணியாமல் தொடலாகாது. அத்திரவத்தையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். ஒன்றை ரெசினில் முற்றும் கலக்கிய பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். மூடிய கொட்டகையில் அன்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வேலை செய்வது நலம்.

ஃபைபர் வள்ளம் மட்காது. கைவிட்டால் கரையிலேயே குப்பையாய்க் கிடக்கும். பேணினால் ஆண்டுகள் பல உழைக்கும். நம் வீட்டு அடுப்பில் கொதிக்கும் மீன்குழம்புக்கு மீன் வந்தது இத்தகைய வள்ளம் ஒன்றில்தான். அடுத்த முறை விழிஞ்ஞம் செல்லும்போது, வெளுத்த வள்ளம் ஒன்றைக் கண்டால் நம் பிள்ளைகளை அதனருகே நிறுத்திச் சற்றுத் தடவிப் பார்க்கச் சொல்வோம். விரலில் ஒட்டும் வெண்பொடிக்கடியில் பழைய நீலம் இன்னும் காத்திருப்பதை அவர்களும் அறியட்டும்.