பள்ளிக்கூடம் முடிந்த பிறகு

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உடைய பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடவும், பசிக்கிறது என்று சொல்லவும், பிறரோடு கூடியிருக்கவும் பல்லாண்டுக் காலம் பொறுமையாகப் பழக்கிவந்த பெற்றோர், அவன் 18 பிராயம் கடந்து பள்ளியை விட்டு நீங்கும்போது திகைத்துப்போகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்கு வகுத்த எல்லையும் 6 முதல் 18 வயது வரைதான். அதன்பின் வீட்டோடு அடைந்துகிடப்பவன், அரும்பாடுபட்டுக் கற்றதையும் பழக்கமின்மையால் மறந்துவிடுகிறான். ஆகவே தொழிற்பயிற்சியை 14, 15 வயதிலேயே ஆரம்பித்துவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துப் பொட்டலம் போடும் வேலையையே எடுத்துக்கொள்வோம். எண்களை வாசிக்க இயலாதவனும், ஒரு தட்டில் படிக்கல்லை வைத்துவிட்டால், தராசு முள் நடுவில் நிற்கும்வரை மறு தட்டில் பருப்பைப் போடுவான். பையைத் திறப்பது, நிறுப்பது, கொட்டுவது, வாயைக் கட்டுவது என்று வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தைச் சுவரில் ஒட்டி, முதலில் கையைப் பிடித்துச் செய்வித்து, பின்பு ஜாடை மட்டும் காட்டி, அதன்பின் எட்ட நின்று கவனித்து, கடைசியில் விலகிக்கொள்வதே தேர்ந்த பயிற்சியாளரின் முறை. கடை முதலாளியும் கற்றுக்கொள்ள வேண்டியதுண்டு: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, சாமான்களைச் சொல்லாமல் இடம் மாற்றலாகாது, கூலியை அவன் கையிலேயே கொடுக்க வேண்டும்.

அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய 4 சதவிகிதத்தில் 1 சதவிகிதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றை உடையோருக்குப் பொதுவாக ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும் போட்டித் தேர்வைக் கடக்க இயலாதவர்களுக்கு அயலில் உள்ள கடையும் பட்டறையும்தான் மெய்யான ஆதாரம்.

இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் என்ற உறவு மட்டுமே அவனுக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தைத் தருவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அந்த அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவை ஏற்கிறது. ஆனால் பாதுகாவலர் இருக்கிறார் என்பதற்காக, அவன் தானே தீர்மானிக்கக்கூடிய விஷயங்களையும் அவனிடமிருந்து பறிப்பது அநியாயம். என்ன உடுப்பது, யாரோடு பழகுவது, கூலியில் எதை வாங்குவது என்பன அவன் சொந்த விருப்பங்களே.

அரசு ஊழியராயிருக்கும் பெற்றோர், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழியுண்டு என்பதை உணர்ந்து, பணியில் இருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் அவன் பெயரை அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது.