பேரேடு எழுதிய கை புத்தகம் எழுதியபோது...



நாற்பது ஆண்டுகளாக நாள்வழியும் பேரேடும் மட்டுமே எழுதிப் பழகிய கை நமது கை. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, திருவள்ளூரில் தகப்பனாரின் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் மளிகை வியாபாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதப் புறப்பட்டோம் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். வீட்டிலும் சிரித்தார்கள்.

புதிதாகக் கடை வைக்கும் பிள்ளைகள் சங்கக் கூட்டத்தில் கேட்கும் கேள்விகள்தாம் நம்மை எழுத வைத்தன. "அண்ணாச்சி, கடன் எதுவரைக்கும் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிகிற பதிலா அது?

எழுத்தும் கிழிப்பும்

2021-ல் ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பித்தோம். முதல் இருபது பக்கம் ஓடியது தெரியவில்லை. கொள்முதல், எடை, வண்டு விழாமல் பருப்பைக் காப்பது, பழைய மூட்டையை முன்னே வைத்துப் புதிய மூட்டையைப் பின்னே அடுக்குவது என்று எழுதிக்கொண்டே போனோம். பெரிய எழுத்தாளராகிவிட்டதாகவே நினைப்பு!

மறுவாரம் எடுத்துப் படித்தால், "இது எந்தக் கடைக்காரருக்குத் தெரியாது?" என்று தோன்றியது. பாதியைக் கிழித்தோம். பிறகு ஒரு வழி கண்டோம். புதிதாகக் கடை வைத்த ஒரு பையன் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அவனிடம் பேசுவது போலவே எழுதினோம். எழுத்து மறுபடி நடந்தது.

கடன் அத்தியாயம் வந்ததும் நின்றுவிட்டது. நான்கு மாதம் பேனாவைத் தொடவில்லை.

கும்மிடிப்பூண்டி பாக்கி

காரணத்தை மறைப்பதற்கில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நமக்கு ஒரு புள்ளி இருந்தார். பெரியபாளையம் வழியாகப் போகும் நமது லைன் வண்டியில் வாரம் தவறாமல் சரக்கு எடுப்பார். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவரிடம் நோட்டில் எழுதி வாங்கி, சம்பள நாளில் தீர்ப்பார்கள்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ஆலைகள் மூடின. கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு அவர் அரிசியும் பருப்பும் கடனாகவே கொடுத்தார். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடியதும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பாக்கி நோட்டில் நின்றது.

நாம் என்ன செய்தோம்? சரக்கை நிறுத்தினோம். வாராவாரம் வசூலுக்கு ஆள் அனுப்பினோம். அவர் தராசையும் அலமாரியையும் விற்று, பாதிப் பணத்தைக் கட்டிவிட்டுக் கடையைப் பூட்டி ஊருக்குப் போய்விட்டார்.

மாதங்கள் கழித்து, திரும்பி வந்த தொழிலாளர்களில் சிலர் பணத்தோடு அந்தக் கடையைத் தேடி வந்தார்களாம். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னபோது நமக்குப் பேச்சு வரவில்லை. வராக்கடன் என்று நாம் தள்ளியது, வரவேண்டிய கடனாகவே இருந்திருக்கிறது. பொறுமைதான் நம்மிடம் இல்லை.

இதை எப்படி எழுதுவது? "அப்பா, இதைப் போட்டால் மண்டிக்குப் பேர் கெடும். இன்னும் நாலு பேர் பாக்கி வைக்கத் துணிவார்கள்" என்றான் மகன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 'கடன் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை' என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட நினைத்தோம். மனம் ஒப்பவில்லை.

முன்னோர் காட்டிய வழி

அந்த நாட்களில் பிறர் எழுதியதைத் தேடினோம். பெரம்பூரில் 1709-ல் பிறந்து, புதுவையில் வணிகராகவும் டூப்ளேயின் துபாஷாகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் முதல் தம் கடைசி நாட்கள் வரை தினசரி எழுதினார். கப்பல் வந்ததும் போனதும், சரக்கு விலையும், மனிதர்கள் செய்த சூழ்ச்சியும் அதில் உண்டு. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. ஆனாலும் கை ஓயவில்லை.

வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனின் நூல் 1992-ல், அவர் மறைந்த ஆண்டிலேயே வந்தது. அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் 1945-ல் தொடங்கிய முதல் கடை நன்றாக நடந்தும், 1950-ல் கைவிட்டுப் போனதை அதில் சொல்கிறார். வாடகை ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதுதான் காரணம். அத்தனை பெரிய வியாபாரி தம் பிழையைச் சொல்லும்போது, நமக்கென்ன கௌரவம்? (வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள் இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்!)

அந்தப் புள்ளிக்குப் போன் செய்து அனுமதி கேட்டோம். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், "பேர் மட்டும் போடாதீங்க அண்ணாச்சி. நடந்ததை எழுதுங்க. அந்த நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றார். அன்றிரவே அத்தியாயத்தை எழுதி முடித்தோம். அழுதோம் என்று சொல்லவும் வெட்கமில்லை.

அதில் நாம் எழுதிய யோசனை இதுதான். பாக்கி நின்றால் உடனே சரக்கை நிறுத்தாதீர்கள். அவருடைய பற்று நோட்டை வாங்கிப் பாருங்கள். கொடுக்க முடியாதவர் வேறு, கொடுக்க மனமில்லாதவர் வேறு. முடியாதவர் என்றால் பழைய பாக்கியைத் தனியே ஒதுக்கி, புதுச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுங்கள். பழையதைச் சிறு தவணையாக வாங்குங்கள். கடை திறந்திருந்தால்தான் கடன் வசூலாகும்.

அச்சாகி வந்த பிறகு

ஐந்நூறு பிரதி அச்சிட்டோம். கட்டுக் கட்டாக மண்டியில் இறங்கிய அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு மாதம் அசையாமல் கிடந்தபோது, விலைபோகாத சரக்கைப் பார்க்கும் அதே வேதனை!

அடுத்த மே 5 வணிகர் தினக் கூட்டத்தில் பொன்னேரிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் புத்தகத்தோடு வந்தார். கடன் அத்தியாயத்தில் பக்கம் மடித்திருந்தது. "எங்க மொத்த வியாபாரிகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டினேன். தவணைக்கு ஒத்துக்கிட்டார்" என்றார். மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில், "அந்தப் பக்கம் இருந்தது நல்லதுதாம்பா" என்றான்.

உங்களில் எத்தனையோ பேரிடம் நம்மைவிடப் பெரிய அனுபவம் உண்டு. ஒரு நோட்டு வாங்குங்கள். லாபத்தை எழுதுங்கள், நட்டத்தையும் எழுதுங்கள். பற்றும் வரவும் இரண்டும் இருந்தால்தானே அது கணக்கு!

வளர்க வணிகம்!