எஞ்சின் நின்றாலும் வண்டி ஓடும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை எங்கள் வேன் குமணன்சாவடியைத் தாண்டிக் காட்டுப்பாக்கத்தை நெருங்கிக் கொண்டிருந்தது. திடீரென்று எஞ்சின் சத்தம் அடங்கிற்று. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எங்களுள் சிலர் அழவே தொடங்கிவிட்டோம். டிரைவர் அண்ணனோ இடப்பக்க விளக்கைப் போட்டார்; மிச்சமிருந்த வேகத்திலேயே வண்டியை ஓரங்கட்டினார்; பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்தினார். டீசல் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்துவிட்டதாம்.

எஞ்சின் நின்றால் பிரேக்கும் போய்விடும் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது தவறு. பிரேக் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள எண்ணெய்க் குழாய் அப்படியேதான் இருக்கிறது. போவது துணை மட்டுமே. மிதிக்கு முன்னால் ஒரு வட்டப் பெட்டி உண்டு. எஞ்சின் ஓடும்போது அதன் ஒரு பக்கத்துக் காற்று உறிஞ்சப்படுகிறது. நாம் மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அல்லவா? 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். முழு வெற்றிடமானால் 300 கிலோவுக்கு மேல் தள்ளும்! (வண்டியில் முழு வெற்றிடம் கிடைப்பதில்லை.) எஞ்சின் நின்ற பின்னும் இரண்டு மூன்று மிதிக்கு அந்த வெற்றிடம் தாங்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிப்பது வீண். அதன் பிறகும் பிரேக் பிடிக்கும். பலங்கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும்.

நம்பாமல் நாங்கள் பள்ளி முற்றத்திலே நின்ற வேனில் சோதித்தோம். நாலாவது மிதிக்கு அது கல்லாகிவிட்டது. எஞ்சினைக் கிளப்பியதும் காலடியில் தானே இறங்கிற்று.

பவர் ஸ்டியரிங்கும் இப்படித்தான். கனக்குமே தவிரத் திரும்பும். ஆனால் பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதுதான் பேராபத்து.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய இறக்கங்களில் எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருளவிடுவோரும் உண்டு. கீழ்க் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதை இழந்து, பிரேக்கின் துணையையும் இழந்து, சில ரூபாய் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ!

ஓட்டுநர் நிறுத்தாமலே எஞ்சின் நின்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. சாவிக்கொத்தின் பாரத்தாலோ, ஒரு குலுக்கலாலோ சாவி தானே திரும்பி எஞ்சின் நின்றுவிடும். விபத்தில் உயிர்காக்கும் காற்றுப் பைகளும் விரியமாட்டா. இதனால் 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதியத்தார் ஏற்றனர்.

இதை டிரைவர் அண்ணனிடம் சொன்னோம். வேன் சாவியோடு தொங்கிய வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, பித்தளை மணி எல்லாவற்றையும் அன்றே கழற்றிவிட்டார்.