மாபிள் பதித்த வீட்டில் ஐந்து ஸ்பீக்கர்கள்

1995 ஒக்டோபர் 23, தீபாவளி. கமல்ஹாசன் நடித்து பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ அன்று வெளியானது. டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் ஒலி அமைத்த முதல் இந்தியப் படம் என்று அதைச் சொல்வார்கள். பேச்சு திரையின் நடுவிலிருந்தும், மற்ற ஓசைகள் பக்கங்களிலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தன. சரியாக ஒரு கிழமை கழித்து, ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் வீடுகளைப் பூட்டிவிட்டு மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்தது. குடாநாட்டில் கறண்ட் நின்று அப்போது வருடக்கணக்கு. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றிச் செய்தி கேட்ட காலம் அது. படம் பார்ப்பதென்றால் ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் ரீவியை வைத்து, அதன் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டதுதான். தமிழ்ப் படங்கள் பல திசை ஒலிக்கு மாறிய அந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்துக் காதுகள் கேட்கவே இல்லை.

போர் முடிந்து, 2013இல் கார்கில்ஸ் சதுக்கத்தில் புதிய திரையரங்குகள் வந்தபோதுதான் பலருக்கு அந்த அனுபவம் கிடைத்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை நியாயமானது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பிய செற்றுகள், கொழும்பில் வாங்கியவை, கணினிக் கடையில் கிடைக்கும் சிறிய 5.1 பெட்டிகள் என்று இன்று பல ஹோல்களில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன. கூடவே ஒரு முறைப்பாடும் இருக்கிறது. “தம்பி, உவங்கள் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை, அடிபாடு வந்தா மட்டும் வீடு அதிருது.” அநேகமாக வீட்டிலுள்ள அம்மாதான் இதைச் சொல்வார். அவர் சொல்வது முழு உண்மை. ஆனால் அதற்கு ஸ்பீக்கரை மாற்ற ஓடுவதுதான் நாம் செய்யும் பெரிய பணவிரயம். பேச்சைத் தின்பது பெரும்பாலும் வீடு.

பேச்சில் உயிரெழுத்துகளுக்கு வலிமை அதிகம், மெய்களுக்குக் குறைவு. சொல்லைச் சொல்லாக்குவது அந்த மெலிந்த பகுதிதான். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ர, ற, ல, ள, ழ என்ற ஐந்தையும் நாக்கு எப்படி உருவாக்குகிறது என்பதை ஷ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கௌன் ஆகியோர் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஆராய்ந்து 1999இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய உதவும் அடையாளங்கள் பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்கும் 3000 ஹேர்ட்ஸுக்கும் இடையில் கிடக்கின்றன. முந்திய அசை சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி ஒலிக்கும் எதிர்முழக்கம் அடங்காமல் நின்றால், அடுத்த அசையின் இந்த மெல்லிய அடையாளத்தை அது மூடிவிடும். ஒலியைக் கூட்டினால் எதிர்முழக்கமும் அதே அளவு கூடும். அதனால்தான் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் பேச்சு தெளிவதில்லை.

இதை முதன்முதலில் கணக்காக்கியவர் வொலஸ் சபீன். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஃபொக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தைப் புதிதாகக் கட்டியிருந்தது. உள்ளே பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் வந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பின், பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கினார். 512 ஹேர்ட்ஸ் ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஓசை காதுக்குக் கேட்காமல் மறையும் வரை நேரம் எடுத்தார். வெறும் மண்டபத்தில் ஐந்தரை செக்கன். மெத்தை கூடக் கூட அது குறைந்தது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் மிக எளிது: அறையின் கனவளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் செக்கனில் வரும். உறிஞ்சலை அளக்க அவர் எடுத்த அலகு திறந்த யன்னல். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல் தன்மேல் விழும் ஓசை முழுவதையும் வெளியே விட்டுவிடும்; எதையும் திருப்பி அனுப்பாது.

இதை நம் ஹோலில் போட்டுப் பார்க்கலாம். 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்தால் கனவளவு ஏறக்குறைய 68 கன மீற்றர். சுவர், நிலம், மேற்றளம் எல்லாம் சேர்ந்த பரப்பு 104 சதுர மீற்றர். பூசிய சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் கொங்கிறீற் தளமும் தம்மேல் விழும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் உறிஞ்சுவதில்லை. எல்லாம் சேர்ந்து மூன்று சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குச் சமம். கதவு யன்னல்களைச் சாத்திவிட்டால் எதிர்முழக்கம் மூன்றரை செக்கனுக்கும் மேல். வீட்டில் படம் பார்க்க அரைச் செக்கனும் அதற்குக் குறைவும்தான் நல்லது.

எங்கள் பழைய வீடுகள் இப்படி இருந்ததில்லை. நாற்சார் வீட்டின் நடு முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கும். சபீனின் கணக்கில் அது மிகப் பெரிய யன்னல். ஓட்டுக் கூரை ஓட்டுக்கு ஓடு இடைவெளி விட்டது. விறாந்தைக்கு முன்புறம் சுவரே இல்லை. கடந்த பதினைந்து வருடங்களில் கட்டியவை பல தட்டைத் தளம், ஆள் முகம் தெரியும் பளபளப்பு மாபிள், நுளம்புக்கும் ஏசிக்குமாக எப்போதும் மூடிய அலுமினியச் சட்டக் கண்ணாடி யன்னல் என்று வந்தவை. பார்வைக்கு அழகுதான். காதைப் பொறுத்தவரை, பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு வந்ததில் நாம் இழந்தது அதிகம் என்பதே என் எண்ணம்.

இழந்ததைத் திருப்பி எடுக்கலாம், செலவும் பெரிதில்லை. படம் பார்க்கும்போது யன்னல்களையும் உள்வாசல்களையும் திறந்தாலே எட்டு சதுர மீற்றர் போலச் சேரும். எதிர்முழக்கம் ஒரு செக்கனுக்கு இறங்கிவிடும். மடிப்பு மடிப்பாக விழும் தடித்த திரைச்சீலை, துணி மெத்தை போட்ட செற்றி, செற்றிக்கும் ரீவிக்கும் நடுவே ஒரு கம்பளம், வீட்டார் நாலு பேர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் எட்டு. கணக்கு அரைச் செக்கனுக்குக் கிட்ட வந்துவிடும். மெல்லிய நைலோன் திரை பயனில்லை. புற்பாயும் மிக மெல்லியது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதை நம்ப வேண்டாம். அவை மெல்லிய காகிதக்கூழ், பேச்சு இருக்கும் மீடிறன்களில் பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை.

எங்களுக்கு எளிதில் கிடைக்கும் நல்ல பொருள் தென்னந்தும்பு. தும்பின் ஒலி உறிஞ்சலை மலேசிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து எழுதியிருக்கிறார்கள். தடிப்பான தும்பு அடுக்கு 1000 ஹேர்ட்ஸுக்கு மேல் நன்றாக உறிஞ்சும். பின்னால் சிறிது காற்றிடைவெளி விட்டால் இன்னும் கீழேயும் வேலை செய்யும். பழைய தும்பு மெத்தை ஒன்றை வெட்டி, மரச் சட்டத்தில் அடக்கி, பருத்தித் துணி போர்த்திச் சுவரில் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் போதும். விளக்கும் ஊதுபத்தியும் கிட்ட இருக்கக் கூடாது. எங்கே மாட்டுவது? நீங்கள் வழமையாக இருக்கும் இடத்தில் இருங்கள். வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி, உங்கள் காது உயரத்தில் மெதுவாக நகர்த்தட்டும். கண்ணாடிக்குள் முன் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் அதன் ஓசை சுவரில் பட்டு உங்களிடம் வரும் இடம். அங்கே மாட்டுங்கள்.

கதிரையை முன்னே இழுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஓசை, தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிர்முழக்கம் எங்கே இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பின் சுவரோடு ஒட்டிய செற்றி எங்கள் வீட்டு வழக்கம். அதை நாலடி முன்னே கொண்டுவந்தாலே பேச்சு தெளிவதை அன்றைக்கே கேட்கலாம். பின் ஸ்பீக்கர்களுக்கும் அப்போதுதான் இடம் கிடைக்கும்.

ஐந்தையும் எங்கே வைப்பது என்பதற்குச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நியமம் உண்டு: முன் இரண்டும் நடுவிலிருந்து இருபுறமும் 30 பாகை, பின் இரண்டும் 110 பாகை, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். பேச்சு முழுவதும் ஏறத்தாழ நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை ரீவி மேசையின் கீழ்த் தட்டில் அல்பங்களோடு தள்ளிவைத்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. மேசையின் முன் விளிம்புக்குக் கொண்டுவந்து, காதை நோக்கிச் சற்று நிமிர்த்துங்கள்.

அடுத்தது தூரம். எங்கள் வெக்கையில் ஓசை செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். ஓர் அடிக்கு ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு. பின் ஸ்பீக்கர் நாலடியிலும் முன் ஸ்பீக்கர் பத்தடியிலும் இருந்தால், பின்னோசை ஐந்து மில்லிசெக்கன் முந்திவிடும். முந்தி வந்த ஓசையின் திசையையே மூளை திசையாக எடுக்கும். சில மில்லிசெக்கன் பிந்திவருவது 10 டெசிபெல் வரை உரத்திருந்தாலும் அந்த முடிவு மாறாது. ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் இதைக் காட்டினார். ஸ்பீக்கர்களை ஓட்டும் றிசீவரின் செற்றிங்ஸில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் கேட்பது இதற்குத்தான். கிட்ட உள்ளதை அது அந்தளவு பிந்தி ஒலிக்கவிடும். அளவு நாடா எடுத்து அளந்து கொடுங்கள். இதே விதி பெரிய அளவில் பிழைப்பதைக் கோயில் திருவிழாவில் கேட்கிறோம். வீதி நெடுகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் நூறு மீற்றர் தள்ளி உள்ளது கிட்ட உள்ளதைவிட 290 மில்லிசெக்கன் பிந்தும். அவ்வளவு பிந்தினால் காது அதைச் சேர்த்துக் கேட்காது, அறிவித்தல் இரண்டு தரம் கேட்கும்.

வீடு அதிர்வதற்குக் காரணம் வேறு. 12 அடி அகல அறையில் 48 ஹேர்ட்ஸ் ஓசையின் அரை அலை சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்திவிடும். சுவரோரம் அது வீங்கும். அறை நடுவில் இல்லாமலே போகும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் எல்லா வீக்கமும் ஒன்றாகக் கிளம்பும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் இருக்கும் செற்றியில் ஏற்றி, கனத்த அடியுள்ள ஒரு பாட்டைப் போட்டு, நிலத்தில் தவழ்ந்து சுவரோரமாகப் போங்கள். அடி எங்கே சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். ஓசைக்குப் போக்கும் வரவும் ஒன்றேயாதலால் இது பிசகாது. சத்தம் கூடிய காட்சிகளை அடக்க, றிசீவரில் இரவுப் பயன்முறை இருந்தால் போடுங்கள். டால்பி டிஜிற்றல் ஒலிக்குள்ளேயே அதற்கான குறிப்பு வருகிறது. நடு ஸ்பீக்கரை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுவதிலும் தவறில்லை. படம் எடுத்தவர் விரும்பியது அதுவல்ல என்பார்கள். அம்மாவுக்குக் கதை விளங்குவது எனக்கு அதைவிடப் பெரிது.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை இருந்தால் வயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் அடி மெலிந்து, ஓசை எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது. அம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, சிறிய 1.5 வோல்ற் பற்றறியின் நேர் முனையைச் சிவப்பு என்று நினைக்கும் வயரிலும், எதிர் முனையை மற்றதிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. கணினிக் கடை 5.1 செற்றில் பேச்சு சப்வூஃபருக்குள் முணுமுணுத்தால், செம்மஞ்சள் பிளக்கில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இடம் மாறியிருக்கின்றன. கணினியின் ஒலிச் செற்றிங்ஸில் மாற்றலாம். பின் ஸ்பீக்கர்கள் முற்றாக மௌனமென்றால் ரீவியின் ஒலி வெளியீடு பி.சி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். பல ரீவிகளில் அது இரண்டு வழி ஒலியை மட்டுமே வெளியே விடும். யூரியூப் பாடல்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோதான். அவற்றுக்குப் பின் ஸ்பீக்கர் பேசாதது பழுதல்ல.

விடாமல் ‘ங்ங்’ என்று இரையும் ஓசை 50 அல்லது 100 ஹேர்ட்ஸ், எங்கள் கறண்டின் சுருதி. டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், எர்த் இரண்டு வழியாக வந்து ஒரு வளையமாகியிருக்கிறது. ரீவியையும் றிசீவரையும் ஒரே மல்ற்றி பிளக்கில் போடுங்கள். ரீவிக்கும் றிசீவருக்கும் நடுவே ஒப்ரிக்கல் வயர் போட்டால் அவற்றுக்கிடையில் மின்தொடர்பே இராது. எர்த் பின்னை வெட்டிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்று சந்தோசப்படுபவர்கள் இருக்கிறார்கள். உயிராபத்து அது. பழைய உருண்டைப் பின் சொக்கற்றுக்குப் போடும் மலிவான அடப்ரர்களில் எர்த் தொடுப்பே இல்லாதவையும் உண்டு. அந்தச் சொக்கற்றை மாற்றுவது ஒரு நாள் கூலிக்குள் முடிகிற வேலை.

கனடாவிலிருந்து வந்த செற்றை முதன்முதலில் போடுமுன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பின் மட்டும் பொருந்தும்படி செய்து நேரே செருகினால் செற் எரிந்துவிடும். வோல்ற் இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும்; தகட்டில் எழுதிய வொற் அளவைவிட அரைவாசி கூடியதாக வாங்குங்கள். தகட்டில் 60 ஹேர்ட்ஸ் மட்டுமே இருந்தால் செற்றினுள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சுடும். றிசீவரை அலுமாரிக்குள் அடைக்காமல், மேலே ஒரு சாண் காற்றுப் போக விட்டு வையுங்கள்.