கூரையைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை

புயலில் சுவர் அப்படியே நிற்க, கூரை மட்டும் பறந்துவிடுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கரீபியத் தீவான டொமினிக்காவில் இதற்கு விடை கிடைக்கும். 2017 செப்டம்பர் 18 இரவு, மரியா புயல் மணிக்குச் சுமார் 265 கி.மீ. வேகத்தில் அங்கே கரையேறியது. பத்துக்கு ஒன்பது வீடுகளின் கூரை சேதமானது. மொத்த இழப்பு, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டேகால் மடங்கு. பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் உலகின் முதல் நாடாக எழுவோம் என்று அதன் பிறகு பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் அறிவித்தார். முழக்கம் பெரிதுதான், ஆனால் வீடு பிழைப்பதும் அழிவதும் மரச்சட்டம் சுவரோடு சேரும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் முடிவாகிறது.

கூரையைக் காற்று பக்கவாட்டில் தள்ளிப் பெயர்ப்பதில்லை, மேல்நோக்கி உறிஞ்சிப் பெயர்க்கிறது. மரியாவின் வேகத்தில் அந்த இழுப்பு சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். தகரத்தின் எடையோ ஐந்து கிலோ அளவுதான். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் அதிகம். பந்தியில் காற்றடித்தால் வாழையிலையின் ஓரம்தான் முதலில் எழும்பும். தண்ணீர் டம்ளரை ஓரத்தில் வைத்தால் அடங்கும்; காற்று வலுத்தால் டம்ளரைச் சுற்றி இலை கிழியும்; கிழியாத இலையாக இருந்தால் டம்ளரையே கவிழ்த்துவிடும். கூரையிலும் இப்படித்தான்: தகரம், திருகாணி, ரீப்பர், சட்டம், சுவர், அஸ்திவாரம் என்று இழுப்பு படிப்படியாகக் கீழிறங்க வேண்டும். நடுவில் எங்கே பிடி தளர்ந்தாலும் அதற்கு மேலே உள்ளதெல்லாம் போய்விடும். ஜன்னல் உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து முட்டும்.

இங்கேதான் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் அந்த எளிய இரும்புப் பட்டையின் அழகு. சட்டத்தின் வழியே, சுவரின் உச்சியில் கிடக்கும் சுவர்க்கட்டையில் இறக்கிய ஆணியை, அது போன வழியிலேயே காற்று உருவிவிடும். விட்டுவிட்டு இழுக்கும்போது பிடி இன்னும் சீக்கிரம் தளரும். சட்டத்தையும் கட்டையையும் இணைத்து இரும்புப் பட்டை வைத்து, பக்கவாட்டில் ஆணிகளை அடித்தால் இழுப்பு ஆணிக்குக் குறுக்காக விழும். இனி ஆணியை உருவ முடியாது, வளைத்து அறுக்கத்தான் வேண்டும். அதற்குப் பன்மடங்கு விசை தேவை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல; 1979இல் டேவிட் புயல் இதே தீவைச் சூறையாடியபோதே பொறியாளர்கள் அறிந்த சங்கதிதான்.

கான்கிரீட் தளமே போட்டுவிடலாமே என்பார்கள். அதன் எடை காற்றை வெல்லும் என்பது உண்மை. ஆனால் டொமினிக்கா எரிமலைத் தீவு, நிலநடுக்கம் வரும் இடம். தலைக்கு மேலே அத்தனை பாரம், கட்டுமானம் சரியில்லாவிட்டால், ஆளையே கொல்லும். செலவும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாது. மரியாவின்போது நிலச்சரிவும் ஆற்று வெள்ளமும் வீடுகளை அழித்தனவே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆற்றங்கரையில் நிற்கும் வீட்டைப் பட்டை காப்பாற்றாது. அங்கே இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மற்ற வீடுகளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே: உட்கூரைப் பலகை அடித்து மறைக்கும் முன், யாராவது ஏணியில் ஏறி ஒவ்வொரு பட்டையிலும் எல்லாத் துளைகளுக்கும் ஆணி இருக்கிறதா என்று பார்த்தார்களா?